எந்த ஊர்ப் பெண் வரைந்தது?



பெண் ஓவியர்களின் கண்காட்சிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையோடு எனக்கு முழு உடன்பாடு. அமிர்தா ஷெர்கிலைப் பற்றி விரிவாக எழுதியவர், டி.கே. பத்மினிக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம். பொன்னானிப் பக்கம் 1940-இல் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் கே.சி.எஸ். பணிக்கரிடம் பயின்றவர், 1969-இல், முப்பதைக்கூடத் தொடாமல், பிரசவத்தில் இறந்துபோனார். சோழமண்டலம் ஓவியர் கிராமம் என்றால் ஆண்களின் பெயர்களையே அடுக்குகிறோம். ஓவியர் அர்நவாஸையோ சிற்பி அனிலா ஜேக்கப்பையோ எத்தனை பேருக்குத் தெரியும்?

பெயர்கள் தெரியாமல் போவதற்குக் காட்சிக்கூடங்களும் ஒரு காரணம். அண்மையில் என் மாமியாரை நகரத்துக் காட்சிக்கூடம் ஒன்றுக்கு அழைத்துப் போனேன். படங்களுக்குக் கீழே பொடி எழுத்தில் ஆங்கிலம் மட்டும். "இது எந்த ஊர்ப் பொண்ணு வரைஞ்சதும்மா?" என்று ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று கேட்டார். நான் குனிந்து படித்துச் சொல்லச் சொல்ல, காவலாளி வந்து, சத்தம் போடாதீர்கள் என்றார். (கூடத்தில் எங்களைத் தவிர யாருமே இல்லை!)

காட்சிக்கூடங்கள் ஓவியரின் பெயர், ஊர், பிறந்த ஆண்டு, படித்த இடம் ஆகியவற்றைத் தமிழில், கண் மட்டத்தில், பெரிய எழுத்தில் ஒட்டி வைக்கலாம். பெரிய செலவில்லை. தங்கள் இதழும் மாதம் ஒரு பெண் ஓவியரை, ஒரு வண்ணப் படத்துடன் அறிமுகம் செய்யலாமே. பத்மினியிலிருந்து தொடங்குங்கள்.

— ஒரு வாசகி, தாம்பரம்