பகடை உருளட்டும்! - 14: வில்லன் வருவான் பின்னே, அவன் கை வரும் முன்னே!

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பார்த்தவர்களுக்கு முதல் எபிசோடின் ஆரம்பம் ஞாபகம் இருக்கும். 1983-ம் வருஷம். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஹாக்கின்ஸ் என்ற கற்பனை ஊர். நாலு பசங்க ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' ஆடிக்கொண்டிருப்பார்கள். டெமோகார்கன் என்ற அரக்கன் எதிரில் வந்து நிற்கிறான். வில் என்கிற பையன் தீப்பந்தை வீசுகிறான். பகடையில் 13 அல்லது அதற்கு மேல் விழுந்தால் தப்பிக்கலாம். பகடையோ மேஜையைத் தாண்டி எங்கோ உருண்டு ஓடிவிடுகிறது. தேடி எடுத்துப் பார்த்தால் 7.

கதை நடத்தும் மைக் அதைப் பார்க்கவில்லை, அதனால் கணக்கில் சேராது என்று கூட்டாளி ஒருவன் சொல்கிறான். ஆனால் கிளம்பும் நேரத்தில் வில் மனசு கேட்காமல் மைக்கிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறான். விழுந்தது 7, டெமோகார்கன் என்னைப் பிடித்துவிட்டது என்று. அன்று இரவே அவன் காணாமல்போகிறான்.

நம் சினிமாக்காரர்கள் இதை 'லீட்' என்பார்கள். பின்னால் வரப்போவதற்கு முன்னாலேயே ஒரு பொடி தூவி வைப்பது. அந்தக் காட்சியை எழுதியவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. பகடையில் என்ன விழ வேண்டும் என்பதையும் அவர்களே எழுதினார்கள், வில்லுக்கு என்ன நடக்க வேண்டும் என்பதையும் அவர்களே எழுதினார்கள். நிஜமான மேஜையில் இந்த இரண்டுமே நம் கையில் கிடையாது.

இந்த வாரம் இதை எடுக்கக் காரணம் ஒரு மெயில். அனுப்பியவர் கல்லூரி இறுதியாண்டு மாணவர். ஹாஸ்டல் நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து முதன்முறையாக ஒரு கேம்பெய்ன் தொடங்கப்போகிறார்கள். இவர்தான் டன்ஜன் மாஸ்டர். செமஸ்டர் முடிந்தால் ஆளுக்கொரு ஊர். அதற்குள் கிடைப்பது சுமார் 20 ஞாயிற்றுக்கிழமைகள். "கடைசியில ஒரு டிராகன் வரணும். அது முதல் நாளே தெரியணும், ஆனா தெரியவும் கூடாது. எப்படி?" என்று கேட்டிருந்தார்.

இந்தத் தொடருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி. இந்த விளையாட்டில் ஒருவர் கதையை நடத்துவார், அவர்தான் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து என்ன செய்யலாம் என்று முடிவெடுப்பார்கள். ஜெயிப்பதும் சறுக்குவதும் பெரும்பாலும் 20 முகப் பகடையின் கையில். இப்படிப் பல வாரங்கள், சில சமயம் பல வருஷங்கள் தொடர்வதுதான் கேம்பெய்ன்.

சிக்கலும் இங்கேதான். டி.எம். 'வடக்கே போனால் டிராகன்' என்று எழுதி வைத்திருப்பார். ஆடுபவர்கள் தெற்கே போய் மீன் வியாபாரம் பண்ணலாம் என்பார்கள். அவர்களை இழுத்து வந்து வடக்கே விட்டால் அது விளையாட்டே இல்லை. நடக்குமா என்றே தெரியாத ஒன்றுக்கு எப்படி லீட் கொடுப்பது?

இதற்கு எனக்குத் தெரிந்து மிக அழகான பதில், யாரும் திட்டமிடாமல் நடந்த ஒன்று. டி அண்டு டி 1974-ல் வெளிவந்தது. 1976-ல் 'எல்ட்ரிச் விசார்ட்ரி' என்று ஒரு துணைப் புத்தகம் வந்தது. அதில் மாயப் பொருள்களின் பட்டியலில் இரண்டு: வெக்னாவின் கை, வெக்னாவின் கண். வெக்னா என்று எப்போதோ ஒரு மந்திரவாதி இருந்தானாம், அவனுடையதில் மிச்சம் இருப்பது இவ்வளவுதானாம். அந்தக் கையைப் பயன்படுத்த வேண்டுமென்றால் நம் கையை வெட்டிவிட்டு அதை ஒட்டிக்கொள்ள வேண்டும். கண்ணுக்கும் அதே கதை. (சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் மன்னிக்கவும்.)

ஆள் எங்கே? வரவில்லை. 1990-ல் 'வெக்னா லிவ்ஸ்!' என்ற சாகசப் புத்தகத்தில்தான் அந்த ஆளே வில்லனாக வந்தான். இடையில் 14 வருஷம். அத்தனை நாளும் ஒரு காய்ந்த கையும் ஒரு கண்ணும் மட்டுமே. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' நாலாவது சீஸன் வில்லனுக்கு அந்தப் பசங்க வைக்கும் பெயரும் இதிலிருந்து வந்ததுதான்.

கவனித்தீர்களா? அந்தக் கை எந்த முடிவையும் முன்கூட்டி அறிவிக்கவில்லை. வெக்னா இந்தத் தேதியில் வருவான் என்று சொல்லவில்லை. யாரோ ஒருவன் இருந்தான், அவன் சாதாரண ஆள் இல்லை என்பது மட்டும்தான் அதிலிருந்து தெரிந்தது. யாராவது எப்போதாவது பயன்படுத்திக்கொள்ளலாம், பயன்படுத்தாவிட்டாலும் நஷ்டமில்லை. நல்ல லீட் இப்படி மலிவானதாக இருக்க வேண்டும்.

மலிவாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1984-ல் வெளிவரத் தொடங்கிய 'டிராகன்லான்ஸ்' சாகசத் தொடர். கூடவே அதே கதை நாவல்களாகவும் வந்தது. அதாவது, பின்னால் யார் யார் தேவைப்படுவார்கள் என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது. அதனால் அந்தச் சாகசங்களில் ஒரு வினோத ஏற்பாடு. பின்னால் தேவைப்படும் முக்கியப் பாத்திரம் யாராவது செத்தால், உடல் கிடைக்காதபடி சாக வேண்டும். பள்ளத்தில் விழணும், ஆற்றில் அடித்துக்கொண்டு போகணும். அப்போதுதான் அடுத்த பாகத்தில் உயிரோடு வரலாம். நம் டி.வி. சீரியல் பார்க்கும் பாட்டிகளுக்கு இது புதிதே இல்லை. நான் டிராகன்லான்ஸ் நாவல்களை ரசித்துப் படித்தவள்தான். ஆனால், கஷ்டப்பட்டு வீழ்த்திய வில்லன் மூணு வாரம் கழித்து ஈரத்துணியோடு வந்து நின்றால், மேஜையில் இருப்பவர்களுக்கு எரிச்சல் வருமா, வராதா?

ஆச்சரியம் என்னவென்றால், இந்தத் தொடரின் மூளையான டிரேசி ஹிக்மன்தான் இதற்கு முந்தைய வருஷம், 1983-ல், மனைவி லாராவுடன் சேர்ந்து 'ரேவன்லாஃப்ட்' எழுதினார். அதில் செய்தது நேர் எதிர். ஸ்ட்ராட் என்ற ரத்தக்காட்டேரிப் பிரபுவின் கோட்டை. போகும் வழியில் மேடம் ஈவா என்ற குறி சொல்லும் கிழவி. அவள் ஜோசியத்துக்கு டி.எம். நிஜமாகவே சீட்டுக்கட்டைக் குலுக்கி எடுத்து வைக்க வேண்டும். ஸ்ட்ராட்டை வீழ்த்த உதவும் பொருள்கள் கோட்டையில் எங்கே இருக்கின்றன, கடைசியில் அவனை எங்கே சந்திப்பார்கள் என்பதையெல்லாம் விழும் சீட்டுதான் முடிவுசெய்யும். 2016-ல் 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்' என்று புதுப்பித்து வெளியிட்டபோதும் இந்தக் குறி அப்படியே இருந்தது. இம்முறை அதற்கென்றே 54 சீட்டுகள் கொண்ட 'டரோக்கா' கட்டு. ஐந்து சீட்டு எடுக்க வேண்டும், அதில் ஒன்று கூட வரப்போகும் துணை யார் என்றும் சொல்லும்.

இதில் இருக்கும் சூட்சுமத்தைப் பாருங்கள். குறி பலிக்கும். ஏனென்றால் குறிக்கு ஏற்றபடிதான் பொருள்களையே வைக்கிறோம். ஆனால் அந்தப் பொருளைத் தேடிப் போவதா, எந்த வழியில் போவதா, போகாமலே ஸ்ட்ராட்டிடம் மோதிப் பார்ப்பதா என்பதெல்லாம் ஆடுபவர்கள் இஷ்டம். எங்கே என்பதைச் சொல்லிவிட்டு, என்ன ஆகும் என்பதைச் சொல்லாமல் விட்ட குறி அது. அந்த நேரத்தில் டி.எம். முகத்திலும் அதே திகில் இருக்கும் என்பது கூடுதல் ருசி.

சரி, மெயில் தம்பியின் டிராகனுக்கு வருவோம். ஹீரோக்கள் என்ன செய்வார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால், யாரும் தடுக்காவிட்டால் வில்லன் என்ன செய்வான் என்று சொல்ல முடியும். 2012-ல் வந்த 'டன்ஜன் வேர்ல்ட்' என்ற விளையாட்டு இதையே ஒரு முறையாக வைத்திருக்கிறது. ஒவ்வோர் ஆபத்துக்கும் வரிசையாகக் கெட்ட சகுனங்களை எழுதி வைக்கச் சொல்கிறது. ஹீரோக்கள் குறுக்கிடாவிட்டால் ஒன்றன்பின் ஒன்றாக நடந்துகொண்டே போகும்.

தம்பியின் டிராகனுக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன். முதல் சகுனம், மலையில் ஆடுகள் காணாமல்போகின்றன. இரண்டு, காட்டில் கரி சுடுபவர்கள் மூட்டை முடிச்சோடு ஊருக்குள் வந்துவிடுகிறார்கள். மூன்று, ஆற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாகிறது, மீன் செத்து மிதக்கிறது. நான்கு, ஜமீன்தார் ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் பொற்காசு வண்டி ஒன்றை மலைக்கு அனுப்புகிறார். ஐந்து, மலையடிவார ஊர் எரிகிறது.

முதல் ஞாயிறு அன்று டிராகன் என்ற வார்த்தையே வர வேண்டாம். சந்தையில் ஓர் ஆட்டுக்காரர் பாதி விலைக்கு ஆடு விற்கிறார். அவ்வளவுதான். ஐந்து பேரும் பேரம் பேசுவார்கள், ஒன்றை வாங்குவார்கள், அதற்கு 'குண்டப்பா' என்று பெயரும் வைப்பார்கள் (எந்த மேஜையிலும் இது நடக்கும், தடுக்க முடியாது). ஏன் இவ்வளவு மலிவு என்று ஒருவர் கேட்டால், "மேல மேய்க்க முடியலைங்க" என்று மட்டும் அவர் சொல்லட்டும். யாரும் கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள். மூன்று வாரம் கழித்து மீன் மிதக்கும்போது யாராவது ஒருவர் நிமிர்ந்து பார்ப்பார். "டேய், அந்த ஆட்டுக்காரர்!" என்பார். அதுதான் வேண்டும். தெற்கே மீன் வியாபாரத்துக்குப் போனார்களே, அவர்களையும் செத்த மீன் வந்து தொடும்.

இங்கே ஒரு வித்தியாசத்தை மட்டும் மனதில் வைக்க வேண்டும். லீட் வேறு, துப்பு வேறு. லீட் தவறினால் ஒன்றும் குடிமுழுகாது. துப்பு தவறினால் கதையே நின்றுவிடும். டிராகனைக் கொல்ல ஒரே ஓர் ஈட்டிதான் வழி என்றால், அது எங்கே இருக்கிறது என்பது துப்பு. அதற்கு ஜஸ்டின் அலெக்ஸாண்டர் 2008-ல் எழுதிய 'மூன்று துப்பு விதி'தான் உலகம் முழுக்க டி.எம்.கள் பின்பற்றுவது. கண்டுபிடித்தே ஆக வேண்டிய விஷயம் ஒன்றுக்குக் குறைந்தது மூன்று துப்புகள் வையுங்கள், ஒன்றிரண்டைக் கோட்டைவிடுவார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள் என்கிறார். நாமெல்லாம் ஸ்கிரிப்டை முன்னால் வைத்துக்கொண்டு, 'இதுகூடப் புரியலையா?' என்று நினைப்போம். எதிரில் இருப்பவர் ஹாஸ்டல் மெஸ்ஸில் இன்று என்ன என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

இன்னொரு விஷயம், ஆடுபவர்கள் சொல்லும் யூகங்களைக் காது கொடுத்துக் கேளுங்கள். "ஜமீன்தார்தான் டிராகனை வளர்க்கிறாரோ?" என்று ஒருவர் கேட்டால், அது உங்கள் கதையைவிட நன்றாக இருந்தால், தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். மேஜையில் வாய்விட்டுச் சொல்லப்படாத வரை எதுவும் நடந்ததாகக் கணக்கில்லை. ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. நீங்கள் வைத்த துப்புகளை வைத்தே அவர்கள் சரியாகக் கண்டுபிடித்துவிட்டால், ட்விஸ்ட் போச்சே என்று விடையை மாற்றாதீர்கள். அது மகா பாவம். ஒருமுறை அப்படி மாற்றியது தெரிந்தால், அதற்குப் பிறகு மீன் மிதந்தாலும் ஊர் எரிந்தாலும் யாரும் யோசிக்க மாட்டார்கள்.

பெரிய அளவில் இது எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டால், 'கிரிட்டிக்கல் ரோல்' இருக்கிறது. 2015-ல் இணையத்தில் நேரலையாகத் தொடங்கிய நிகழ்ச்சி, டி.எம். மேத்யூ மெர்சர். (முதல் கேம்பெய்னைப் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள், ஸ்பாய்லர்.) அந்த வருஷம் பிரையர்வுட் என்ற ஜோடியை வீழ்த்தும்போது, அவர்கள் யாரோ 'கிசுகிசுக்கும் ஒருவனுக்காக' வேலை பார்த்தது தெரிகிறது. நடுவில் டிராகன்கள் வந்து எல்லோரையும் அதை மறக்க வைத்துவிடும். 2017-ல் கடைசி எதிரியாக வந்து நிற்பது அந்த ஒருவன்தான். பெயர்? வெக்னா! மொத்தம் 115 எபிசோடு.

தம்பிக்கு 115 கிடையாது, 20-தான். அதனால் கணக்கு வேறு. முதல் ஐந்து ஞாயிறுக்குள் லீட் எல்லாம் தூவி முடித்துவிட வேண்டும். பன்னிரண்டாவது வாரத்துக்கு மேல் புதிதாக எதையும் தூவக் கூடாது, கையில் இருப்பதை முடிக்க வேண்டும். இரண்டு பேர் வேலை இன்டர்வியூவுக்குப் போய்விடுவார்கள், ஒரு வாரம் யாருக்காவது காய்ச்சல் வரும். 20 என்று நினைப்பது 16-ஆகத்தான் கையில் நிற்கும்.

அதோடு ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். தூவியது என்ன, யார் அதைக் கவனித்தார்கள் என்று செஷன் முடிந்ததும் இரண்டு வரி எழுதி வையுங்கள். நாம் மறந்தாலும் அவர்கள் மறக்க மாட்டார்கள். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' முதல் சீஸன் முடிவில் அதே நாலு பசங்க மறுபடி ஆடுவார்கள். பத்து மணி நேரம் நடத்தி முடித்த மைக்கைப் பாராட்டுவார்கள் என்று பார்த்தால், சண்டைக்கு வருவார்கள். அந்தக் காணாமல்போன வீரன் என்ன ஆனான், அந்த இளவரசி என்ன ஆனாள், குகையில் பார்த்த அந்த விசித்திரப் பூக்கள் என்ன என்று கேட்டு அவனைத் திணறவைப்பார்கள்.

20-வது ஞாயிறு முடிந்த பிறகும் அந்த நோட்டில் யாரும் தொடாத வரிகள் மிச்சம் இருக்கும். பெட்டி கட்டுவதற்கு முன்னால் ஓர் அரை மணி நேரம் ஒதுக்கி, டீ வாங்கி வைத்துக்கொண்டு, அதை நண்பர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அந்த ஆட்டுக்காரருக்கு மலையில் ஒரு மகன் இருந்தான் என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரியவரும்.