வலி இல்லாமல் காலைப் பறிக்கும் சர்க்கரை வியாதி!

மாத்திரை விலை குறைந்தும் அலட்சியம் குறையவில்லை

சென்னை நகரில் இப்போது ரத்தப் பரிசோதனை நிலையம் இல்லாத பேட்டை இல்லை. மருந்துக் கடைக்கும் பஞ்சம் இல்லை. டாக்டர் எம்.விஸ்வநாதன் 1954-ம் ஆண்டில் ராயபுரத்தில் தொடங்கிய ஆஸ்பத்திரி, பின்னர் சர்க்கரை வியாதிக்கென்றே தனி ஆஸ்பத்திரி ஆனது.

அப்படி இருந்தும் விரல் அழுகி, பாதம் கறுத்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

ஏன் இந்த நிலை? மருந்து இல்லாததாலா? காசு இல்லாததாலா? அதுவும் உண்டு. ஆனால் பெரிய காரணம் வேறு. இந்த வியாதி வலிப்பதில்லை!

10 கோடி பேர்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. 2021-ம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு சர்க்கரை வியாதி. இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் எல்லைக்கோட்டில் நிற்கிறார்கள். பக்கத்தில் உள்ள புதுச்சேரியில் பெரியவர்கள் 100 பேரில் 26 பேருக்கு இந்த வியாதி இருப்பதாக அதே ஆய்வு கூறுகிறது.

விலை இறங்கியது

மருந்து விலை விஷயத்தில் நல்ல செய்தி உண்டு. எம்பாகிளிபுளோசின் என்ற மாத்திரையின் காப்புரிமை 2025 மார்ச் மாதம் முடிந்தது. அதுவரை ஒரு மாத்திரை சுமார் 60 ரூபாய். உடனே பல கம்பெனிகள் போட்டி போட்டு இறங்கின. சில கம்பெனிகளின் மாத்திரை 10 ரூபாய்க்கும் கீழே வந்தது. அதிகப்படி சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்து இது. இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பு என்பதால் டாக்டர்கள் இதைப் பலருக்கு எழுதுகிறார்கள். ஆனால் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கி விழுங்கக் கூடாது.

அரசு ஆஸ்பத்திரியில் சர்க்கரை மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது.

ஆக, விலைப் பிரச்சினை ஓரளவு தீர்ந்து வருகிறது. தீராதது இன்னொன்று.

'நல்லாத்தானே இருக்கேன்!'

"எனக்கு ஒண்ணும் செய்யலையே, எதுக்கு மாத்திரை?" இந்தப் பேச்சு கடைத்தெருவிலும் ஆபீஸிலும் தினமும் கேட்கிற பேச்சு.

பல்வலி என்றால் அன்றைக்கே ஓடுகிறோம். சர்க்கரை 250 இருந்தாலும் பலருக்கு எதுவும் தெரிவதில்லை. மாத்திரை தீர்ந்தால் ஒரு வாரம் தள்ளிப்போகும். அப்புறம் ஒரு மாதம். அப்புறம் மறந்தே போகும்.

இந்த நேரத்தில் உள்ளே வேலை நடக்கிறது. கூடுதல் சர்க்கரை, நரம்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கிறது. ரத்தக் குழாய்களைக் குறுக்குகிறது. கண்ணின் விழித்திரை, சிறுநீரகம், இருதயம், பாதம் எல்லாம் இதில் அடிபடுகின்றன. மாரடைப்பு வந்தால்கூட சிலருக்கு நெஞ்சு வலி தெரியாமல் போய்விடும்!

நழுவிய செருப்பு

பாதத்தில் முதலில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு வரும். பிறகு மரத்துப்போகும். எரிச்சல் நின்றதும் "சரியாப் போச்சு" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. நரம்பு செத்துக்கொண்டிருப்பதாலும் எரிச்சல் நிற்கலாம்.

நடக்கும்போது செருப்பு காலை விட்டு நழுவியதே தெரியவில்லையா? அது எச்சரிக்கை மணி. அடுத்து ஆணி குத்தினாலும் தெரியாது. புதுச் செருப்பு கடித்தாலும் தெரியாது. சித்திரை வெயிலில் கோவில் பிரகாரத்தின் கல் சுட்டு, உள்ளங்கால் கொப்பளித்தாலும் தெரியாது.

வலி இருந்தால் நொண்டுவோம். காலுக்கு ஓய்வு கிடைக்கும். வலி இல்லாததால் புண்ணோடு பஸ் பிடிக்கிறோம், கல்லாவில் இருக்கிறோம். ரத்த ஓட்டம் குறைந்த காலில் புண் ஆறாது. சீழ் வைத்து, எலும்பு வரை போகும். அப்புறம்தான் கத்தி.

கணக்கில் பொய்

பரிசோதனையிலும் ஒரு ஏமாற்று நடக்கிறது. இரண்டு நாள் வாயைக் கட்டி, வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தால் அளவு ஓரளவு நல்லபடியாக வரும். "கண்ட்ரோல்ல இருக்கு" என்று மறுநாளே பழைய கதை.

'ஹெச்பிஏ1சி' என்ற பரிசோதனையிடம் இது பலிக்காது. ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொண்ட சர்க்கரையை அது அளக்கிறது. கடைசி 2, 3 மாதத்து சராசரி வெளியே வந்துவிடும். கடைக்காரர் பாஷையில் சொன்னால், ஒரு நாள் கல்லாவைப் பார்ப்பதற்கும் மூன்று மாதப் பேரேட்டைப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம். 6.5-ம் அதற்கு மேலும் சர்க்கரை வியாதி. வியாதி உள்ளவர்களில் பலருக்கு 7-க்குள் இருப்பது நல்லது. வயதானவர்களுக்கு டாக்டர் கொஞ்சம் தளர்த்திக் கொடுப்பார்.

டீக் கணக்கு

வியாபாரிக்கு மதியச் சாப்பாடு 3 மணிக்கு. நடுவில் டீ. ஒரு டீக்கு 2 ஸ்பூன் சர்க்கரை, நாளைக்கு 6 டீ என்றால் 12 ஸ்பூன். சுமார் 60 கிராம். மாதத்துக்கு கிட்டத்தட்ட 2 கிலோ சர்க்கரை டீயிலேயே போகிறது! இதற்கு மேல் தட்டு நிறைய சோறு. சர்க்கரையை நிறுத்தி, சோற்றைக் குறைத்து, காயும் பருப்பும் கூட்டினாலே மாற்றம் தெரியும்.

மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதும் ஆபத்து. வியர்வை, கை நடுக்கம், தலைச்சுற்றல் வந்தால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். 3 ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் குடிக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும்.

எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்கு நம்பிக்கை உண்டு. டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் இருந்து நடத்திய ஆய்வின் முடிவு 2006-ல் வெளிவந்தது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 3 ஆண்டுக்குள் 100-க்கு 55 பேருக்கு வியாதி வந்தது. நடையும் உணவும் மாற்றியவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது.

என்ன செய்யலாம்?

* தினமும் இரவு பாதத்தையும் விரல் இடுக்கையும் பார்க்க வேண்டும். அடிப்பாதம் தெரியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லலாம்.

* வெறுங்காலோடு நடக்கக் கூடாது. செருப்பு, ஷூ போடுமுன் உள்ளே தட்டிப் பார்க்க வேண்டும்.

* பாத ஆணியை பிளேடால் சீவுவது, வெந்நீரில் காலை வைப்பது, புண்ணில் சுண்ணாம்பு தடவுவது கூடாது.

* ஆண்டுக்கு ஒரு முறை கண், சிறுநீர், பாதப் பரிசோதனை அவசியம். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று டாக்டர் பார்த்துவிடுவார். சில நிமிட வேலைதான்.

* காலில் சின்னப் புண் என்றாலும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். வலிக்கவில்லை என்பதற்காகக் காத்திருக்கக் கூடாது. வலிக்காத புண்ணுக்குத்தான் முதலில் ஓட வேண்டும்!