மலையேறிய ஜீனோ

பொதுநிலையினர் தத்தம் தொழிலிலேயே புனிதம் அடையலாம் என இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்ததை நாம் மேடைதோறும் எடுத்துரைக்கிறோம். எடுத்துக்காட்டு கேட்டால் ஆசிரியர், மருத்துவர், தாதியர் என்ற அளவில் நின்றுவிடுகிறோம். கூலிக்கு மிதிவண்டி ஓட்டியவர் ஒருவரை இம்மாதம் அன்பர்களின் முன் நிறுத்த விரும்புகிறேன். அவர் இத்தாலி நாட்டு ஜீனோ பர்த்தாலி.

1914 ஜூலை 18 அன்று பிளாரன்ஸ் நகரை அடுத்த போந்தே ஆ ஏமா என்னும் சிற்றூரில், எளிய குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே சைக்கிள் பழுது பார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பந்தய வீரர் என்றதும் புகழும் மாலையுமே நம் கண்ணுக்குத் தோன்றும். உண்மையில் அது கடினமான உழைப்பு. சைக்கிள் செய்யும் நிறுவனம் ஒன்று ஊதியம் கொடுத்து ஓர் அணியை வைத்திருக்கும். அணியில் ஒருவரே தலைவர். ஏனையோர் அவருக்குத் தண்ணீர் கொண்டுவருவர். காற்றை மறைத்து அவருக்கு முன்னே செல்லுவர். அவருடைய சக்கரம் பழுதானால் தம் சக்கரத்தையே கழற்றிக் கொடுப்பர். ஒரே நாளில் 200 கிலோ மீட்டருக்கு மேல் மிதிப்பதும், மறுநாள் காலையில் மீண்டும் புறப்படுவதும் அவர்களுக்கு வழக்கம். பிரான்ஸ் நாட்டைச் சுற்றிவரும் பந்தயத்தில் இவ்விதம் மூன்று வாரங்களுக்கு மேல் கழியும்.

1936 ஜூன் மாதத்தில் ஜீனோ இத்தாலியச் சுற்றுப் பந்தயத்தில் முதன்முறையாக வெற்றி பெற்றார். வீட்டில் மகிழ்ச்சி அடங்குமுன், அதே மாதத்தில், தம்பி ஜூலியோ வேறொரு பந்தயத்தில் குறுக்கிட்ட காரில் மோதி உயிரிழந்தார். மனமுடைந்த ஜீனோ தொழிலையே விட்டுவிட எண்ணினார். எனினும் மீண்டு வந்தார். கார்மேல் மூன்றாம் சபையில் சேர்ந்ததும் அதற்கு அடுத்த காலத்தில்தான். குழந்தை தெரேசம்மாள் மீது அவர் கொண்ட பக்தியை நாடே அறியும். 'பக்திமான் ஜீனோ' என்று செய்தித்தாள்கள் பெயரிட்டன. அதில் பாதி அன்பு, பாதி கேலி. அவர் ஒன்றும் மெழுகுச் சுரூபம் அல்லர். புகை பிடிப்பார் (இளைஞர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம்), ஓயாமல் முறையிடுவார். "எல்லாம் தவறு, எல்லாவற்றையும் மறுபடி செய்யவேண்டும்" என்பது அவருடைய வாடிக்கைச் சொல்.

1938 இல் பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தில் வென்றார். முசோலினியின் அரசு வீரர்களைத் தன் பெருமைக்குக் கருவியாக்கிய காலம் அது. ஜீனோ அந்தக் கட்சியின் மனிதராக ஆகவில்லை. பின்னர் உலகப் போர் வந்து, ஒரு வீரரின் நல்ல ஆண்டுகளைத் தின்றது.

1943 செப்டம்பரில் ஜெர்மானியர் இத்தாலியைக் கைப்பற்றியதும் யூதர்களை வேட்டையாடத் தொடங்கினர். பிளாரன்ஸ் பேராயர் கர்தினால் எலியா தல்லா கோஸ்தா அவர்களைத் துறவற மடங்களில் மறைத்துக் காத்தார். 1940 இல் ஜீனோவின் திருமணத்தை மந்திரித்தவரும் இவரே. அசிசி நகரில் ஆயர் நிக்கோலினியும் குருக்களும் அச்சகத்தார் ஒருவரின் துணையோடு போலி அடையாளச் சீட்டுகளைத் தயாரித்தனர். அந்தப் படங்களையும் சீட்டுகளையும் ஜீனோ தம் மிதிவண்டியின் குழாய்க்குள் சுருட்டி வைத்து, பயிற்சிக்குச் செல்லுபவர்போல் பிளாரன்சுக்கும் அசிசிக்கும் இடையே கொண்டுசென்றார் என்று சாட்சிகள் பின்னாளில் கூறினர். இந்தப் பயணங்களுக்கு அக்காலத்து எழுத்துச் சான்று போதாது என ஐயுறும் வரலாற்று ஆசிரியர்களும் உண்டு. அவர்களை நாம் குறை கூறக்கூடாது; மறைவாகச் செய்த செயலை ஆராயும்போது ஐயம் எழுவது இயல்பே. ஆனால் கோல்டன்பெர்க் என்னும் யூதக் குடும்பத்தைத் தமக்குரிய நிலவறையில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார் என்பதை, அன்று சிறுவனாய் அந்த இருட்டறையில் இருந்தவரே முதுமையில் எடுத்துரைத்தார். கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் வீட்டுக்காரருக்கும் சாவுதான். அப்போது ஜீனோவின் மனைவி அதிரியானாவின் மடியில் சிறு குழந்தை இருந்தது. குடும்பத் தலைவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம். 1944 இல் பாசிசக் காவலரும் அவரைப் பிடித்துச் சென்று, 'துயர இல்லம்' என மக்கள் அஞ்சிய மாளிகையில் வைத்து விசாரித்தனர். பின்னர் விடுவித்தனர்.

போருக்குப் பின் 1948. ஜீனோவுக்கு 34 வயது நிரம்ப நான்கு நாட்களே இருந்தன. பிரான்ஸ் பந்தயத்தில், லூயிசோன் போபே என்னும் இளம் பிரெஞ்சு வீரருக்கு 21 நிமிடங்களுக்கு மேல் பின்தங்கியிருந்தார். கிழவனுக்கு இனி என்ன என்று பலர் கைவிட்டனர். ஜூலை 14 அன்று ஓய்வு நாள். அன்றுதான் ரோமையில் கம்யூனிஸ்ட் தலைவர் தொக்லியாத்தி சுடப்பட்டார். நாடெங்கும் கலவரமும் வேலைநிறுத்தமும் வெடித்தன. பிரதமர் தெ காஸ்பெரி தொலைபேசியில் ஜீனோவை அழைத்து, வெற்றி வந்தால் நலமாயிருக்கும் எனக் கேட்டுக்கொண்டாராம். மறுநாள் காலை குளிரிலும் மழையிலும் அல்லோ, வார்ஸ், இசுவார் கணவாய்களைத் தாண்டி பிரியான்சோன் நகருக்கு முதலாவதாக வந்தார். இழந்த 21 நிமிடங்களில் ஏறத்தாழ 20 நிமிடங்களை ஒரே நாளில் மீட்டார். அடுத்த நாளும் வென்று மஞ்சள் சட்டை அணிந்தார். அடுத்த கட்டத்திலும் அவரே முதல். பாரிசில் முடிக்கும்போது இரண்டாம் இடத்தவரைவிட 26 நிமிடங்களுக்கு மேல் முந்தியிருந்தார். முதல் வெற்றிக்கும் இதற்கும் இடையே பத்து ஆண்டுகள். இப்பந்தயத்தின் இரு வெற்றிகளுக்கு இடையே இத்தனை நீண்ட இடைவெளி வேறெவருக்கும் இல்லை.

இவ்வெற்றியே உள்நாட்டுப் போரைத் தடுத்தது எனச் சொல்லுவோர் உண்டு. அது மிகை என்றே கருதுகிறேன். தொக்லியாத்தி பிழைத்ததும், நோயாளிப் படுக்கையிலிருந்தே தம் தோழர்களை அமைதியாயிருக்கச் சொன்னதும் பெரிய காரணங்கள். ஆயினும் அடித்துக்கொள்ள இருந்தவர்கள் சில நாட்கள் ஒரே வானொலியைச் சுற்றி நின்றார்கள். அதுவும் சிறிதன்று.

அவருடைய போட்டியாளர் பவுஸ்தோ கோப்பி. 1940 இல் ஜீனோவின் துணைவனாய் அணியில் சேர்ந்து, தலைவர் விழுந்துவிடவே தாமே இத்தாலியச் சுற்றில் வென்ற இளைஞர். அன்று மலைகளில் அவரை ஊக்கி இழுத்துச் சென்றவர் ஜீனோதான். பின்னாளில் இத்தாலியர் பாதிப்பேர் ஒருவருக்கும், பாதிப்பேர் மற்றவருக்கும் கட்சி கட்டினர். ஆனால் 1960 ஆம் ஆண்டுக்கு, ஜீனோ நடத்திய அணியிலேயே கோப்பி ஓட்டுவதாய் இருந்தது. அந்த ஜனவரி 2 அன்று மலேரியாவால் கோப்பி இறந்தார்.

ஜீனோ 1954 இல் பந்தயத்தை விட்டார். 2000 மே 5 அன்று இறைவனடி சேர்ந்தார். போர்க்காலச் செயல்களைப் பற்றி வெளியில் பேசவே மாட்டார். மகன் அந்திரேயாவிடம் சிறிது சொன்னபோதும், இதை யாரிடமும் பேசாதே என்றே கேட்டுக்கொண்டார். 2013 இல்தான் எருசலேமின் யாத் வாஷெம் நிலையம் அவரை 'நாடுகளின் நீதிமான்' என அறிவித்தது. 2018 இல் இத்தாலியச் சுற்றுப் பந்தயம் அவர் நினைவாக எருசலேமிலிருந்து புறப்பட்டது.

கோமோ ஏரிக்கு அருகே, செங்குத்தான சாலையின் உச்சியில் கிசால்லோ மாதாவின் சிற்றாலயம் உள்ளது. பாப்பரசர் 12 ஆம் பத்திநாதர் 1949 இல் அத்தாயை மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். ஆலயத்தின் உட்சுவரில் காணிக்கையாகத் தொங்கும் வண்டிகளுள் ஜீனோவினுடையதும் கோப்பியினுடையதும் இருக்கின்றன.