வலி எங்கே என்று கேட்டால் மட்டும் போதுமா?

2025ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி, ஜங்புராவில் பாராபுல்லா கால்வாயோரம் இருந்த மதராஸி கேம்ப் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. பல பத்தாண்டுகளாக நம் மக்கள் குடியிருந்த இடம் அது. சுற்றுவட்டாரத்து வீடுகளில் பாத்திரம் துலக்கியும், சமைத்தும், கூலி வேலை பார்த்தும் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் அங்கே இருந்தார்கள். 370 குடிசைகளில் 189 குடும்பங்களுக்கே மாற்று வீடு பெறத் தகுதி உண்டு என்று உயர்நீதிமன்றம் உத்தரவிட்டபோது கணக்குச் சொல்லப்பட்டது. தகுதி பெற்றவர்களுக்கும் வீடு கிடைத்தது டில்லியின் வடகோடியில் உள்ள நரேலாவில்!

இடிந்த சுவர்களுக்குக் கணக்கு இருக்கிறது. அதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு நின்ற தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் நேர்ந்ததை எந்த இலாகா எழுதி வைத்தது? அதைப் பற்றியே இந்த மாதம் பேச விரும்புகிறோம்.

பேரிடியான ஒரு நிகழ்ச்சிக்குப் பிறகு மனத்தில் ஏற்படும் காயத்தை டாக்டர்கள் டிராமா என்கிறார்கள். நாம் மனக்காயம் என்போம். வீடு இடிபட்டவர்களுக்கு மட்டுமே வருவதல்ல இது. சாரத்திலிருந்து கூட்டாளி விழுந்து செத்ததைப் பார்த்த கட்டிடத் தொழிலாளிக்கும், இரவு தோறும் கணவனிடம் அடி வாங்கும் பெண்ணுக்கும் வரலாம். பலருக்கு வீடும் வேலையும் உறவினர் துணையும் இருந்தால் சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். சிலருக்கு ஆறுவதில்லை.

ஆறாத காயம் உடம்பின் வழியாகத்தான் பேசுகிறது. நம் பெண்கள் கிளினிக்கில் போய், "மனசு உடைஞ்சு போச்சு" என்று சொல்வதில்லை. நெஞ்சு படபடக்கிறது, தலை சுற்றுகிறது, தூக்கம் இல்லை என்கிறார்கள். அரைகுறை ஹிந்தியில் "கப்ராஹட்" என்கிறார்கள். டாக்டரோ வலி எங்கே என்று கேட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்து அடுத்த நோயாளியைக் கூப்பிடுகிறார். மொஹல்லா கிளினிக்குகளில் ஒரு நோயாளிக்கு 40 ரூபாய் என்ற கணக்கில் டாக்டருக்கு ஊதியம் தரப்பட்டது. தலை எண்ணிக் கூலி கொடுக்கும் முறையில் நின்று கேட்க நேரம் ஏது? தனி டாக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. குறை ஏற்பாட்டில் இருக்கிறது.

ஏற்பாட்டை மாற்ற முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 1985இல் அங்கிருந்த 10 சாதாரண சிகிச்சை நிலையங்களுக்கு வந்தவர்களில் 855 பேரை லக்னோவிலிருந்து வந்த மனநல டாக்டர்கள் கேள்விகள் கேட்டுப் பரிசோதித்தார்கள். 193 பேருக்கு மனநோய் இருப்பது தெரிந்தது. ஐந்தில் ஒருவருக்கும் மேல்! அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இவர்கள் எல்லோரும் உடல் உபாதை என்று வந்தவர்களே. அதே ஆண்டில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிபுணர்கள் அந்த நிலையங்களின் சாதாரண டாக்டர்கள் சுமார் 50 பேருக்கு ஆறே நாட்களில் பயிற்சி கொடுத்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் போபாலில் முடிந்தது, இன்று தலைநகரில் ஏன் முடியாது?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு மருத்துவ நிலையங்களில் மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. இப்போது டில்லியில் திறக்கப்பட்டு வரும் ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்களுக்கு மத்திய அரசு வகுத்த 12 சேவைகளில் மனநலப் பரிசோதனையும் ஒன்று. ஆஷா ஊழியர் நிரப்பும் படிவத்திலும் இரண்டு கேள்விகள் உள்ளன: எதிலும் நாட்டமில்லையா, மனம் சோர்ந்திருக்கிறதா என்று. நல்லதுதான். ஆனால் உனக்கு என்ன நடந்தது என்ற கேள்வி அதில் இல்லை.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான சிகிச்சை நிலையங்களில் ஐந்தே கேள்விகள் கொண்ட ஒரு முறை இருக்கிறது. கொடிய நிகழ்ச்சி ஏதும் நேர்ந்ததா என்று முதலில் கேட்பார்கள். ஆம் என்றால், கடந்த ஒரு மாதத்தில் அது கனவிலோ நினைவிலோ வலிய வந்து வாட்டுகிறதா, அதை நினைவூட்டும் இடங்களை ஒதுக்குகிறாயா, சிறு ஓசைக்கும் திடுக்கிடுகிறாயா, மனம் மரத்துப் போயிருக்கிறதா, உன்னையே நொந்துகொள்கிறாயா என்று கேட்பார்கள். நம் தாய்மார்களுக்குப் புரியாத கேள்வி இதில் ஒன்றுமில்லை, தமிழில் கேட்டால்!

ஆனால் ஓர் எச்சரிக்கை. கேட்பது மட்டுமே சிகிச்சை ஆகிவிடாது. கேட்டுவிட்டுக் கைவிடுவது இன்னொரு காயம். வரிசையில் நிற்பவர்கள் காதுபடக் கேட்பதும், அடிக்கும் கணவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பதும் ஆபத்து. சொல்ல விரும்பாதவரைச் சொல்லும்படி வற்புறுத்தவும் கூடாது. அதிர்ச்சிக்கு ஆளான முதல் மாதத்தில் அதற்கென்று தூக்க மாத்திரை வகைகளைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் வழிகாட்டியிருக்கிறது. மருந்துக் கடையில் தாமாகவே மாத்திரை வாங்கி விழுங்கும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கேட்ட பிறகு கைகொடுப்பது யார்? மனநல டாக்டர் எல்லா இடத்திலும் கிடைக்க மாட்டார். தில்ஷாத் கார்டனில் உள்ள இஹ்பாஸ் ஆஸ்பத்திரிக்கு நரேலாவிலிருந்து போய் வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். இதற்கு ஏழை நாடு ஒன்று வழி கண்டிருக்கிறது. ஜிம்பாப்வேயில் 2005இல், குப்பையை அகற்றுகிறோம் என்ற பெயரில் அரசே நகரத்துக் குடிசைகளை இடித்தது. சுமார் 7 லட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ இழந்தார்கள் என்று ஐ.நா. அறிக்கை கூறியது. அடுத்த ஆண்டு, டிக்சன் சிபாண்டா என்ற மனநல டாக்டர் தலைநகர் ஹராரேயில் அந்த வட்டாரத்துப் பாட்டிமார் 14 பேருக்குப் பயிற்சி அளித்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே மர பெஞ்சில் உட்கார வைத்தார். அவர்கள் தாய்மொழியில் கேட்டார்கள். பிரச்சினையைப் பிரித்துப் பார்த்து, முதலில் எதைத் தீர்க்கலாம் என்று கூட இருந்து யோசித்தார்கள். பெஞ்சுக்கு வந்தவர்களிடம் மனச்சோர்வு வெகுவாகக் குறைந்தது என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. அத்தகைய பாட்டிமார் நம்மிடம் இல்லையா?

எனவே டில்லி அரசிடம் நாம் கேட்பது இதுதான். நம் மக்கள் குடியேற்றப்பட்ட இடங்களின் கிளினிக் டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் மனக்காயத்தைக் கண்டறியப் பயிற்சி கொடுங்கள். பேசுவதற்கு ஒரு மறைவான அறை ஒதுக்குங்கள். தமிழறிந்த பெண்களைச் சம்பளத்துடன் நியமியுங்கள். வாரம் ஒரு நாளாவது மனநல டாக்டரை அங்கேயே அனுப்புங்கள். இனி எங்கே குடிசைகளை அகற்றுவதானாலும், மாற்று வீடு தராமல் ஒரு குடும்பத்தையும் வெளியேற்றாதீர்கள். வீடில்லாதவளுக்குத் தூக்கம் வரவில்லை என்றால் அதற்கு மருந்து மாத்திரையில் இல்லை.

நம் குடும்பங்களுக்கும் ஒரு சொல். மனக்காயம் பைத்தியம் அல்ல. பேய் பிடித்ததும் அல்ல. பக்கத்து வீட்டுப் பெண் பேச்சைக் குறைத்துக்கொண்டால், பள்ளிக்குப் போன பிள்ளை இரவில் அலறி எழுந்தால், விசாரியுங்கள். கூடவே கிளினிக்குக்குப் போங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி மானஸ் தொலைபேசிச் சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்; அவரைத் தனியே விடாதீர்கள்.

அடுத்த முறை டாக்டர் வலி எங்கே என்று கேட்டால், எங்களுக்கு நடந்ததையும் கேளுங்கள் என்று கூசாமல் சொல்லுங்கள். அது சலுகை அல்ல, நம் உரிமை. ஒருத்தி சொன்னால் புலம்பல் என்பார்கள்; குடியிருப்பே சேர்ந்து சொன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.