நிற்றலும் நீங்கலும்

விளையாட்டு உடலுக்கு உரம் ஊட்டுவது, உள்ளத்தைப் பண்படுத்துவது. இதனை எல்லாரும் அறிவர். ஆனால், விளையாட்டு வீரன் ஒருவனுடைய பண்பு எப்போது நன்கு வெளிப்படுகின்றது? வெற்றி மாலை தோளில் விழும்போது அன்று. உடல் வருந்தும்போதும் ஆற்றல் குறையும்போதுமே அது வெளிப்படுகின்றது. காயம் பட்டவன் களத்தில் நிற்பதா, விலகுவதா? வயது ஏறிவிட்டவன் மேலும் ஆடுவதா, ஓய்வு பெறுவதா? இவ்விரு வினாக்களுக்கும் அவன் அளிக்கும் விடையே அவனை யார் என்று காட்டிவிடும்.

வலியைப் பொறுத்துக்கொண்டு நிற்பதே வீரம் என்றும், விலகுவது கோழைத்தனம் என்றும் கருதுவோர் பலர். அக்கருத்து பாதி உண்மையே ஆகும். நிற்பதிலும் வீரம் உண்டு. நீங்குவதிலும் வீரம் உண்டு. எப்போது எது வீரம் என்று அறிய ஓர் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோலைக் கிரிக்கெட் வீரர் அனில் கும்ப்ளே அவர்களின் வாழ்விலிருந்து நாம் பெறலாம்.

கும்ப்ளே பெங்களூரைச் சேர்ந்தவர். சுழற்பந்து வீச்சில் வல்லவர். 1999-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், தில்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக நடந்த டெஸ்ட் ஆட்டத்தில், ஒரே இன்னிங்சில் பத்து விக்கெட்டுகளையும் தாம் ஒருவராகவே வீழ்த்தியவர். அச்செயலுக்காக நாடே அவரைப் போற்றியது. எனினும், அவருடைய பெருமையை அதனினும் நன்றாகக் காட்டும் நிகழ்ச்சிகள் வேறு இரண்டு உள்ளன.

முதல் நிகழ்ச்சி 2002-ஆம் ஆண்டு மே திங்களில் நடந்தது. மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய ஆன்டிகுவாவில் இந்தியக் குழு ஆடிக்கொண்டிருந்தது. கும்ப்ளே மட்டை பிடித்தபோது, டில்லன் என்னும் வேகப்பந்து வீச்சாளர் வீசிய பந்து எகிறி வந்து அவருடைய முகத்தைத் தாக்கியது. வாயிலிருந்து குருதி பெருகியது. அதனை உமிழ்ந்துவிட்டு அவர் தொடர்ந்து ஆடினார். தாடை எலும்பு முறிந்திருப்பது பின்னர்த் தெரிய வந்தது. அறுவை மருத்துவத்திற்காக அவர் தாயகம் திரும்புவது என்று முடிவாயிற்று. 'இனி இவருக்கு இந்த ஆட்டத்தில் பங்கு இல்லை' என்றே யாவரும் எண்ணியிருப்பர்.

ஆனால், எதிர்க்குழு மட்டை பிடித்தபோது, தலையையும் தாடையையும் சேர்த்துக் கட்டிய கட்டுடன் கும்ப்ளே களத்தில் இறங்கினார்! அரங்கிலிருந்தோர் வியந்தனர். அன்று அவர் பதினான்கு ஓவர்கள் வீசினார். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரருள் ஒருவராகிய பிரையன் லாராவின் விக்கெட்டையும் வீழ்த்தினார். மறுநாளே மருத்துவத்திற்காகப் புறப்பட்டுச் சென்றார்.

அந்த ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அப்படியானால் அவர் பட்ட பாடு வீண்தானா? அன்று. ஆடுகளம் பந்து வீச்சுக்குச் சிறிதும் துணை செய்யவில்லை. அந்த இன்னிங்சில் விக்கெட் காப்பாளர் உட்பட இந்தியக் குழுவினர் பதினொருவரும் பந்து வீச நேர்ந்தது. அத்தகைய வேளையில், தோழர்கள் களைத்திருக்கத் தாம் மட்டும் ஓய்ந்திருக்க அவருக்கு மனம் வரவில்லை. அவருடைய தாடைதான் முறிந்திருந்தது. பந்து வீசும் தோளும் விரலும் நன்றாக இருந்தன. தம்மால் குழுவுக்குப் பயன் உண்டு என்று அவர் கண்டார், ஆகவே நின்றார்.

இரண்டாம் நிகழ்ச்சி ஆறு ஆண்டுகளுக்குப் பின் நடந்தது. 2008-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியக் குழு இந்தியாவுக்கு வந்தது. அப்போது கும்ப்ளே இந்தியக் குழுவின் தலைவர், வயது முப்பத்தெட்டு. தோளில் ஏற்பட்ட துன்பத்தால் மொகாலியில் நடந்த ஆட்டத்தில் அவர் கலந்துகொள்ளவில்லை. அவருக்கு மாற்றாகத் தோனி தலைமை ஏற்றார். அமித் மிஸ்ரா என்னும் இளைஞர் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடி, ஒரே இன்னிங்சில் ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தினார். இந்தியா வெற்றி பெற்றது.

அடுத்த ஆட்டம் தில்லியில் நடந்தது. கும்ப்ளே மீண்டும் தலைமை ஏற்றார். ஆனால், அவருடைய இடக்கைச் சிறுவிரலில் ஆழமான காயம் ஏற்பட்டது. பதினொரு தையல்கள் போட வேண்டியதாயிற்று. அப்போதும் அவர் திரும்பி வந்து பந்து வீசினார். ஆயினும், நவம்பர் 2-ஆம் நாள், அந்த ஆட்டம் முடியும்போது, தாம் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். பத்து விக்கெட்டுகளை வீழ்த்தி அவர் புகழ் பெற்ற அதே அரங்கிலேயே அவருடைய ஆட்ட வாழ்வு நிறைவுற்றது. அதுவரை 132 டெஸ்ட் ஆட்டங்களில் 619 விக்கெட்டுகளை அவர் வீழ்த்தியிருந்தார். இந்தியருள் அத்தனை விக்கெட்டுகளை வீழ்த்தியவர் வேறு எவரும் இலர்.

தொடரில் நாகபுரி ஆட்டம் ஒன்று எஞ்சியிருந்தது. விரல் ஆறும் வரை தலைமைப் பதவியைப் பற்றிக்கொண்டு காத்திருக்க அவர் விரும்பவில்லை. தம் இடத்தை நிரப்ப இளைஞர் ஆயத்தமாக இருப்பதை மொகாலியிலேயே அவர் கண்டிருந்தார். எனவே, குழுவின் நலம் கருதி நீங்கினார். நாகபுரியிலும் இந்தியா வென்றது. பரிசுக் கோப்பையைப் பெறும் வேளையில், புதிய தலைவர் தோனி பழைய தலைவரையும் உடன் அழைத்துச் சிறப்பித்தார். காலம் அறிந்து நீங்கியவருக்குக் கிடைத்த மதிப்பு அது.

முன்பு நின்ற கும்ப்ளேயும் பின்பு நீங்கிய கும்ப்ளேயும் ஒருவரே. இரண்டு வேளையிலும் அவர் தம் உள்ளத்தைக் கேட்ட கேள்வி ஒன்றே என்று தோன்றுகின்றது: 'இப்போது என்னால் என் குழுவுக்கு என்ன பயன்?' நாம் தேடிய அளவுகோல் இதுவே. 'எனக்கு என்ன புகழ்?' என்று கேட்பவன் நிற்க வேண்டிய இடத்தில் ஓடுவான். நீங்க வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொண்டிருப்பான்.

அளவு கடந்து நிற்பதால் வரும் கேட்டுக்கும் சான்று உண்டு. குத்துச்சண்டையில் உலகை வென்ற முகம்மது அலி, 1979-இல் ஓய்வை அறிவித்தார். ஆனால் மீண்டும் மேடை ஏறினார். 1980-இல் லாரி ஹோம்ஸிடம் பெருந்தோல்வி அடைந்தார். 1981-இல் மீண்டும் ஒருமுறை தோற்ற பிறகே விலகினார். 1984-இல் அவருக்கு நடுக்கு நோய் இருப்பது கண்டறியப்பட்டது. அவருடைய புகழ் குன்றவில்லை; எனினும், அந்த இறுதிப் போட்டிகளை எண்ணுந்தோறும் அவரை நேசிப்போர் நெஞ்சம் வருந்துகின்றது.

காலத்தே விலகி நின்றதற்கும் சான்று உண்டு. அமெரிக்க உடற்பயிற்சி வீராங்கனை சிமோன் பைல்ஸ், 2021-இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் குழுப் போட்டியில், வானில் சுழலும்போது தம் உடலின் நிலை தமக்கே புலப்படாமையை உணர்ந்தார். ஒரு தாவலோடு விலகித் தோழியரை ஊக்கப்படுத்தி நின்றார். குழு வெள்ளிப் பதக்கம் பெற்றது. அவரைக் குறைகூறியோரும் இருந்தனர். ஆனால், 2024-இல் பாரிஸில் அதே போட்டியில் தம் குழு பொன் பெறத் துணை நின்றார் அவர். அன்று விலகியிராவிட்டால், அவருடைய உயிருக்கே ஊறு நேர்ந்திருக்கலாம் அன்றோ?

மாணவர்களே! கும்ப்ளே கட்டுடன் ஆடினார் என்பதற்காக, நீங்களும் காயத்தை மறைத்துக்கொண்டு ஆடலாம் என்று எண்ணாதீர்கள். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி உற்ற ஆட்டக்காரருக்கு மாற்றாக வேறொருவர் ஆடலாம் என்று 2019-ஆம் ஆண்டில் கிரிக்கெட்டிலேயே விதி வகுக்கப்பட்டுவிட்டது. உங்கள் பள்ளிக் கபடிக் குழுவில் கணுக்கால் சுளுக்கிய ஒருவன் அதனை மறைத்து ஆடினால், தன் காலையும் கெடுத்துக்கொள்வான். குழுவின் வெற்றியையும் கெடுப்பான். ஆசிரியரிடம் உண்மையைச் சொல்லி, தன் இடத்தைத் தோழனுக்குத் தந்து, ஓரத்தில் நின்று உற்சாகக் குரல் கொடுப்பவனே குழுவுக்கு உண்மையில் உதவுபவன் ஆவான்.

திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தை அடுத்துக் காலமறிதலை வைத்தார். தன் வலிமையை அறிந்தவனே தன் காலத்தையும் அறிவான். ஆடுகளத்திற்கு மட்டும் அன்று. பதவிக்கும், பொதுப்பணிக்கும், இல்லத் தலைமைக்கும் இது பொருந்தும். தேவைப்படும்போது தளராது நிற்போம். நம்மினும் தக்கவர் வரும்போது மனநிறைவோடு இடம் விடுவோம்.