வாத்தியார் எழுதி வைத்த பெயர்கள்

ரெக்சாசின் மேற்குக் கோடியில், ரியோ கிராண்டே ஆற்றங்கரையில், பிரெசிடியோ என்றொரு கவுண்டி இருக்கிறது. பாலைநிலம். பரப்பில் எங்கள் வட மாகாணத்தை விடப் பெரிது. 2020 கணக்கெடுப்பில் சனமோ 6,131 பேர்தான். அதன் தலைநகர் மார்ஃபாவுக்கு இன்று உல்லாசப் பயணிகள் போவது டொனால்ட் ஜட் என்ற கலைஞரின் படைப்புகளைப் பார்க்க. நான் அந்த ஊரைத் தேடிப் படித்தது வேறு காரணத்துக்காக.

1914 ஜனவரியில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒகினாகாவில் பஞ்சோ வில்லாவின் படை வென்றது. தோற்ற படையினரும் ஊர்ச்சனமும் ஆயிரக்கணக்கில் ஆற்றைக் கடந்து, மார்ஃபா வரை நடந்தே வந்தார்கள். மூட்டை முடிச்சோடு நடந்த எங்களுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்கத் தேவையில்லை.

நான்கே வருடத்தில் ஓட்டம் திசை மாறியது. 1918 ஜனவரி 28, போர்வெனீர் என்ற சின்னக் கிராமம். எதிர்காலம் என்று அர்த்தம்! ஒரு மாதத்துக்கு முன் நடந்த பண்ணைக் கொள்ளை ஒன்றுக்குப் பழி தீர்க்க ரெக்சாஸ் ரேஞ்சர்களும் சில பண்ணைக்காரர்களும் இரவில் வந்தார்கள். குதிரைப்படையினரும் கூட வந்திருந்தார்கள். ஆண்கள், பெடியள் 15 பேரைப் பிரித்துக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். கொள்ளையில் இவர்களுக்குப் பங்கிருந்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை. மிஞ்சிய சனம் ஆற்றைக் கடந்து மெக்சிக்கோவுக்கு ஓடியது. "எங்களை நோக்கிச் சுட்டார்கள், திருப்பிச் சுட்டோம்" என்றது ரேஞ்சர் தரப்பு. இந்த வசனத்தையும் நாங்கள் எங்கேயோ கேட்டிருக்கிறோம், இல்லையா?

ரேஞ்சர்கள் ஐந்து பேர் வேலை இழந்தார்கள். 1919இல் சட்டமன்ற உறுப்பினர் கனாலெஸ் விசாரணை கொண்டுவந்தார். ரேஞ்சர் படை குறைக்கப்பட்டது. ஆனால் ஒருவர்கூடக் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை. தகப்பனைப் பறிகொடுத்த சிறுவன் ஒருவர், முதுமையில்தான் தன் பிள்ளைகளிடம் வாய் திறந்தார். நெடுஞ்சாலையோரம் நினைவுப் பலகை வந்தது 2018இல். சரியாக நூறு வருடம்.

அந்தப் பலகை எப்படி வந்தது? அரசு மனம் மாறி மட்டும் அல்ல. அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஹரி வாரன், கொல்லப்பட்டவர்களின் பெயர்களை அப்போதே எழுதி வைத்தார். செத்தவர்களில் ஒருவர் அவருடைய மாமனார். பிறகு பேரப்பிள்ளைகள் விடாமல் கேட்டார்கள்.

ஜெனீவா வேண்டாம், விசாரணை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கட்டாயம் வேண்டும். ஆனால் விசாரணை எங்கள் கையில் இல்லை. கொப்பியும் பேனையும் எங்கள் கையில் இருக்கின்றன. ஒவ்வொரு வருடமும் மண்டபம் எடுத்து விளக்கேற்றுகிறோம். தொகையைச் சொல்லிச் சண்டை பிடிக்கிறோம். பெயர்களை எழுதினோமா?

இதைப் படித்த இரவு எங்கள் ஒழுங்கையில் ஒரே நாளில் செத்த ஒன்பது பேரையும் எழுதிப் பார்த்தேன். ஏழோடு நின்றுவிட்டது. விடிந்ததும் அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"ஏன் மோனை இப்ப உதைக் கேக்கிறாய்?" என்றவர், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு எட்டாவது பெயரைச் சொன்னார். ஒன்பதாவது ஆளை அவருக்கும் பட்டப்பெயரில்தான் தெரியும்.

அம்மாவுக்கு 84 வயது. உங்கள் வீட்டு முதியவருக்கு எத்தனை? இந்தச் சனி ஞாயிறு அவர் பக்கத்தில் ஒரு கொப்பியோடு இருங்கள்.