கணவன்–மனைவி பிரியலாம், தாய்–தந்தை பிரியலாமா?

கோர்ட்டில் தீர்ப்பு சொல்லியாகி விட்டது. கணவன் ஒரு பக்கம். மனைவி ஒரு பக்கம். கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் பங்கு பிரித்தாகி விட்டது.

குழந்தை?

அதை எப்படிப் பங்கு போடுவது?

விவாகரத்து என்றால் ஒரு காலத்தில் ஊரே கூடிப் பேசியது. இன்று நடுத்தரக் குடும்பங்களிலும் அது நடக்கிறது. பிரிந்தது சரியா, தவறா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். பிரிந்த பிறகு பிள்ளையை வளர்ப்பது எப்படி? அதுதான் முக்கியமான கேள்வி.

சட்டம் சொல்வது என்ன?

இந்தியாவில் இதற்கு இரண்டு சட்டங்கள் முக்கியம். ஒன்று, வெள்ளையர் ஆட்சியில் 1890-ல் வந்த கார்டியன் சட்டம். இது எல்லா மதத்தினருக்கும் பொது. மற்றொன்று, இந்துக்களுக்காக 1956-ல் வந்த சட்டம்.

5 வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்கவேண்டும் என்கிறது 1956-ம் ஆண்டுச் சட்டம். தந்தைதான் முதல் கார்டியன், அவருக்குப் "பிறகு" தாய் என்றும் அதில் இருக்கிறது.

"பிறகு" என்றால் தந்தை இறந்த பிறகுதானா? இல்லை. தந்தை உயிரோடு இருந்தாலும், பிள்ளையை அவர் கவனிக்காவிட்டால் தாயே கார்டியனாக இருக்கலாம். 1999-ல் சுப்ரீம் கோர்ட்டு இப்படி விளக்கம் அளித்தது.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி உண்டு. குழந்தையின் நலம் எதுவோ, அதுவே முதலாவது. வழக்கில் ஜெயித்தவர் தூக்கிக்கொண்டு போக, குழந்தை பந்தயக் கோப்பை அல்ல.

இருவரும் வேண்டும்

2015-ல் சட்ட கமிஷன் ஓர் அறிக்கை கொடுத்தது. தாயும் தந்தையும் கூட்டாகப் பிள்ளையை வளர்க்கும் முறைக்குச் சட்டத்தில் இடம் வேண்டும் என்று அது கூறியது. படிப்பு, வைத்தியம், சந்திக்கும் நாள் ஆகியவற்றை முன்கூட்டியே திட்டமிட வேண்டும் என்றும் யோசனை சொன்னது. தாத்தா, பாட்டியையும் கமிஷன் மறக்கவில்லை. அவர்களோடும் பேரப்பிள்ளைகள் பழக வேண்டுமே!

தகப்பன் ஒரு நாட்டில், தாய் ஒரு நாட்டில் இருந்தால்? அதற்கும் 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு வழி காட்டியது. பிள்ளை யாரிடம் இல்லையோ, அவருக்குத் தினமும் 5 முதல் 10 நிமிடம் வரை பிள்ளையுடன் பேச உரிமை இருக்க வேண்டும். வீடியோவில் முகம் பார்த்தும் பேசலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

கோர்ட்டு உத்தரவு போடலாம். அதை நடத்திக் காட்ட வேண்டியவர்கள் பெற்றோர்களே. அதற்குச் சில எளிய வழிகள் உண்டு.

முதலாவது, நாள் கணக்கு. எந்தச் சனிக்கிழமை யாரிடம்? தீபாவளி யார் வீட்டில்? பொங்கல் யார் வீட்டில்? காலண்டரில் குறித்து இரண்டு வீட்டுச் சுவரிலும் மாட்டி விடலாம். "அப்பா என்றைக்கு வருவார்?" என்று பிள்ளை ஏங்க வேண்டியதில்லை.

இரண்டாவது, ஒரு நோட்டுப் புத்தகம். காய்ச்சல் மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தது? கணக்குப் பரீட்சை எப்போது? எழுதி, பிள்ளையின் பையோடு அனுப்பலாம். செல்போனில் செய்தியும் அனுப்பலாம். ஆனால், அதில் பிள்ளையைப் பற்றிய விஷயம் மட்டும் இருக்கட்டும். பழைய சண்டை வேண்டாம்.

மூன்றாவது, பணம். பள்ளிச் சம்பளம் யார் கட்டுவது, வைத்தியச் செலவு யாருடையது என்று முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். பணம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்ட மறுப்பதும், பிள்ளையைக் காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. இரண்டிலும் அடிபடுவது பிள்ளைதான்.

நான்காவது, தூது வேண்டாம். "உன் அப்பாவிடம் போய்ச் சொல்!", "உன் அம்மா என்ன செய்கிறாள்?" – இந்தப் பேச்சே கூடாது. எய்தவன் இருக்க அம்பை நோகும் கதையாக, சொல்ல வந்த பிள்ளைமீதுதான் கோபம் பாயும்.

பேச்சு முற்றினால் குடும்ப நல கோர்ட்டை நாடலாம். 1984-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே சமரசம் பேசுவதற்கு ஆலோசகர்கள் உண்டு. ஒருமுறை போட்ட உத்தரவு கல்வெட்டும் அல்ல. பிள்ளை வளர வளர, அதை மாற்றும்படி கேட்கலாம்.

ஓர் எச்சரிக்கை

அடி, உதை, குடிவெறி இருந்த வீட்டுக்கு இந்த யோசனைகள் அப்படியே பொருந்தா. அங்கே பாதுகாப்புதான் முதலில். பிள்ளையை எங்கே, யார் முன்னிலையில் சந்திக்கலாம் என்பதைக் கோர்ட்டே முடிவு செய்யட்டும்.

மற்ற வீடுகளில், கோபத்தை வாசலுக்கு வெளியே விட முடியும். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மேடை ஏறும் பிள்ளை, கூட்டத்தில் இரண்டு முகங்களைத் தேடும். பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டாம். ஒருவர் முன் வரிசையில் இருக்கட்டும். மற்றவர் பின் வரிசையில் இருக்கட்டும். இருவரும் வந்திருந்தால் போதும்.